பாட்டுப் பெட்டியும் பேட்டரிக் கட்டையும்

போன மாசம் அன்னூர்ப் பக்கம் இருக்கும் என் அக்காவுக்கு ஒரு பாட்டுப் பெட்டி வாங்கித் தர வேண்டி வந்தது. அக்காவுக்கு எண்பத்திரண்டு வயசு. கண் பார்வை மங்கிவிட்டதால் டி.வி. முன்னால் உட்கார்ந்தும் பிரயோஜனமில்லை. மகன் கொடுத்த செல்போனில் எதைத் தொட்டாலும் யாருக்கோ போன் போகிறது. "தம்பி, திருகுனா பாடோணும், திருகுனா நிக்கோணும். அப்படி ஒண்ணு கெடச்சா வாங்கியா. காசு ரொம்பப் போட்டுறாதே" என்றாள்.

காந்திபுரத்தில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஐந்நூறு ரூபாயிலும் பெட்டி இருக்கிறது, அதைப் போலப் பத்து மடங்குக்கும் இருக்கிறது. கடைப் பையன் "எத்தனை ஜி.பி. வேணுங்க சார்?" என்று கேட்டான். எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் ஒரு ரேடியோ கடையில் நின்றுகொண்டு அவர் கேட்ட கேள்வி வேறு: "ஏனுங்க, இதுக்கு மாசம் எத்தனை கட்டை ஆகும்?"

கட்டை என்றால் பேட்டரிக் கட்டை. கையில் தூக்கிக்கொண்டு போகும் பாட்டுப் பெட்டியின் சரித்திரத்தை நம் பக்கத்து ஆட்களின் கண்ணால் பார்த்தால், அப்பாவின் கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. பெட்டியின் விலையை ஒரு தடவை கொடுத்துவிடலாம். அதைப் பாட வைக்க ஆகும் செலவை மாசாமாசம் கொடுக்க வேண்டும்.

முதலில் வந்தது கிராமபோன். சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிப்போகும் வகை 1930-களில் நன்றாகப் புழங்கியது. கரண்ட் வேண்டாம், சாவி கொடுத்தால் ஓடும். ஆனால் ஒரு இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான். ஒரு பக்கம் பாடி முடிந்ததும் எஃகு முள்ளை மாற்ற வேண்டும் என்பது விதி. மாற்றாமல் ஓட்டினால் தட்டு தேயும். தட்டோ கல்கத்தா டம்டம் தொழிற்சாலையிலிருந்து வர வேண்டும். பண்ணாடி வீடு, மில் முதலாளி வீடு தவிர வேறு யார் வைத்துக்கொள்ள முடியும்? மற்றவர்கள் கல்யாண வீட்டு மைக் செட்டில் கேட்டதோடு சரி.

அடுத்தது ரேடியோ. இங்கே நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போகக் கூடாது. கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். பஸ் கம்பெனி, மோட்டார், சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி என்று அவர் தொட்ட எல்லாவற்றிலும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: இதை ஏன் சாதாரண ஆள் வாங்கும் விலையில் செய்யக் கூடாது? 1952-ல் இரண்டு பேர் உட்காரும் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் கொண்டுவந்தார்; சர்க்கார் லைசென்ஸ் தரவில்லை, அது நின்றுபோனது. அந்த 70 ரூபாய் ரேடியோவை எங்கள் பக்கத்து வீடுகளில் நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் மர்ஃபியும் பிலிப்ஸும் புஷ்ஷும்தான். மர்ஃபி விளம்பரத்தில் விரலை வாயில் வைத்துக்கொண்டிருக்கும் குழந்தை படம், ரேடியோ இல்லாத வீட்டிலும் காலண்டராகத் தொங்கியது.

வால்வு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. திருகிவிட்டு வால்வு சூடாகும் வரை காத்திருக்க வேண்டும், கரண்டும் வேண்டும். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையில் மில்கள் பெருகின, தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார் ஏறியது. ஆனாலும் கிராமத்துச் சாளைகளில் வெகுகாலம் அரிக்கன் விளக்குதான். அதனால் ஊருக்கு ஒரு பஞ்சாயத்து ரேடியோ. பொழுதோட பஞ்சாயத்து ஆள் வந்து அறையைத் திறந்து போடுவார். குழாய் ஸ்பீக்கரில் திருச்சி நிலையம் பாடும். திருச்சி நிலையம் 1939-ல் தொடங்கியது. கோவைக்குத் தனி நிலையம் வரும் வரை நமக்கு அதுதான். செலவு ஒன்றும் இல்லை, ஆனால் எதைக் கேட்பது, எப்போது நிறுத்துவது என்பது நம் கையில் இல்லை. பெண்கள் அந்தத் திண்ணைப் பக்கம் வருவதும் இல்லை. அக்கா தன் கல்யாணத்துக்கு முன்னால் ரேடியோப் பாட்டு கேட்டதெல்லாம் பொடக்காளியில் நின்று, காற்று இந்தப் பக்கம் அடித்தால்தான்.

அதை மாற்றியது டிரான்சிஸ்டர். 1947 டிசம்பரில் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள். 1954-ல் ரீஜென்சி என்ற முதல் பாக்கெட் ரேடியோ 49.95 டாலருக்கு வந்தது. சூடாகக் காத்திருக்க வேண்டாம், நாலு கட்டை போட்டால் பாடும். எங்கள் வீட்டுக்கு அது வர இன்னும் பதினைந்து வருஷம் பிடித்தது. பருத்தி விற்ற காசில் அப்பா வாங்கினார். அப்போதுதான் அந்தக் கட்டைக் கேள்வி.

கடைக்காரர் நேர்மையாகச் சொன்னார்: சத்தமாக வைத்தால் சீக்கிரம் தீரும், சன்னமாக வைத்தால் நாள் தாங்கும். அன்று முதல் எங்கள் வீட்டில் ரேடியோ சன்னமாகத்தான் பாடியது. கட்டை தளர்ந்து பாட்டு கம்மினால் வெளியே எடுத்து, வெயில் காயும் ஓட்டின்மேல் வரிசையாக வைப்போம். மறுநாள் போட்டால் இன்னும் கொஞ்ச நேரம் பாடும். சும்மா மூடநம்பிக்கை என்று பிற்பாடு சிலர் கேலி செய்தார்கள். அப்படியல்ல, சூடும் ஓய்வும் கிடைத்தால் துத்தநாகக் கட்டைக்குள் மிச்சமிருக்கும் ரசாயனம் கொஞ்சம் வேலை செய்யும்.

இது போக லைசென்ஸ். இளையவர்கள் நம்ப மாட்டார்கள், ரேடியோ கேட்கத் தபால் ஆபீசில் வருஷம் 15 ரூபாய் கட்டிப் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். சோதனைக்கு வருகிறார்கள் என்றால் ரேடியோவைத் தவிட்டுப் பானைக்குள் ஒளித்த வீடுகளும் எங்கள் ஊரில் உண்டு. அப்பா ஒழுங்காகக் கட்டினார், ஒவ்வொரு தடவையும் முணுமுணுத்துக்கொண்டே. 1980-களின் நடுவில்தான் அந்த லைசென்ஸ் ஒழிந்தது.

எத்தனை பேண்டு என்பது இன்னொரு கணக்கு. ஒரு பேண்டு வாங்கினால் விலை குறைவு, உள்ளூர் நிலையங்கள் கிடைக்கும். சிற்றலை உள்ளதை வாங்கினால் சிலோனும் நன்றாக வரும், லண்டன் தமிழோசையும் வரும். எங்கள் பக்கத்தில் காசைக் கூட்டிக் கொடுத்து இரண்டு, மூன்று பேண்டு வாங்கியதற்கு முக்கியக் காரணம் சிலோன்தான். அதற்கு ஒரு பின்கதை உண்டு. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர், ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டை ஒதுக்கி, சாஸ்திரிய சங்கீதத்துக்கு இடம் கொடுத்தார். நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஜனங்கள் ரேடியோவின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கியதே போன ஜனங்களைத் திரும்ப அழைக்கத்தான். ஆனால் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் குரல்களுக்குப் பழகிய காது திரும்பி வருமா? நம் ஊர்ப் பாட்டையே கடல் தாண்டிக் கேட்டோம் என்பதுதான் வேடிக்கை. கோவையில் பட்சிராஜா ஸ்டூடியோவில் எடுத்த 'மலைக்கள்ளன்' (1954) படத்துக்கு இசை, கோவையிலேயே வெகுகாலம் வேலை பார்த்த எஸ்.எம். சுப்பையா நாயுடு. டி.எம். சௌந்தரராஜன் முதலில் சினிமாவுக்குப் பாடியதும் அவர் இசையில், இங்கே சென்ட்ரல் ஸ்டூடியோவில்தான். அந்தப் பாட்டுகளைச் சோமனூர்த் தறிக்காரர் ஒருவர் கொழும்பு ரேடியோவில் கேட்டுக்கொண்டிருப்பார். தறிக் குடோனுக்குள் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. அந்தச் சத்தத்துக்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமானால் பெரிய ஸ்பீக்கர், கரண்டில் ஓடும் செட். சாளையில் சன்னமாகப் பாடும் பெட்டியும் தறிக்கூடத்தில் அலறும் பெட்டியும் ஒன்றல்ல. பிற்பாடு திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் இந்த அலறும் ரகம்தான்.

இதுவரை சொன்ன பெட்டியெல்லாம் யாரோ பாடியதை நமக்குக் கொடுத்தவை. நாம் பாடியதை வாங்கி வைத்துக்கொள்ளும் பெட்டி நம் கிராமத்துக்குள் வந்தது எப்போது என்று கேட்டால், எனக்குத் தெரிந்து ஒரு நல்ல சாட்சி உண்டு. 1960-களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற பெண், ஆராய்ச்சிக்காகக் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் வந்து தங்கினார். கையில் டேப் ரெக்கார்டர். உடுக்கை அடித்துப் பாடும் அண்ணன்மார் கதையை, அதுதான் பொன்னர் சங்கர் கதையை, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பதிவு செய்தார். கொங்கு சமுதாயத்தைப் பற்றி 1972-ல் ஒரு புத்தகமும், இந்தக் கதையைப் பற்றி 1982-ல் ஒரு புத்தகமும் எழுதினார். நம் அப்பாருகள் காலங்காலமாகக் கேட்டுக் கலைந்துபோன பாட்டை நாடாவில் பிடித்து வைக்க ஒரு வெளிநாட்டுப் பெண் வர வேண்டியிருந்தது. நம்மில் எவரிடமும் அந்தப் பெட்டி இல்லை என்பதும் உண்மை.

அந்தப் பெட்டி நம் கைக்கு எட்டியது கேசட்டால். ஹாலந்தில் பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் பெர்லின் கண்காட்சியில் அதைக் காட்டியது. அதை உருவாக்கிய லூ ஓட்டன்ஸ், ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் போட்டுப் பார்த்து, பெட்டி இந்த அளவுக்குள் அடங்க வேண்டும் என்று அளவு வைத்துக்கொண்டாராம். நம் ஊருக்கு 1970-களின் கடைசியிலும் 80-களிலும் டூ இன் ஒன்னாக வந்தது. ரேடியோவும் டேப்பும் ஒரே பெட்டியில். வெளிநாட்டுச் சாமானுக்கு வரி அதிகம். சென்னை போனவர்கள் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கி வந்தார்கள், சிலர் பாலக்காட்டுப் பக்கம் கல்ஃபிலிருந்து வந்தவர்களிடம் வாங்கினார்கள். நான் வாங்கியது 1983-ல், உள்நாட்டுச் செட்.

அப்போது தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர். கோடு போட்ட தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். 60 என்றால் பக்கத்துக்கு அரை மணி, ஆறேழு பாட்டு. 90 லாபம் போலத் தெரியும், ஆனால் நாடா மெல்லிசு, சீக்கிரம் சிக்கும். சிக்கினால் அறுகோணப் பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். சட்டப்படி பார்த்தால் இந்தப் பதிவெல்லாம் திருட்டுத்தான். 1984-ல் காப்புரிமைச் சட்டத்தைக்கூட இறுக்கினார்கள். சென்டர்காரர்கள் அசையவில்லை. ஒரு முழு இசைத்தட்டு வாங்கி அதில் பிடித்த ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த சனத்துக்கு, பிடித்த பன்னிரண்டு பாட்டை ஒரே நாடாவில் கொடுத்தவர்கள் அவர்கள். எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை.

அந்தச் செட்டில் 1984 பொங்கலின்போது அம்மாவைப் பாட வைத்தேன். நாத்து நடும்போது பாடுவது, தொட்டில் பாட்டு, கும்மி என்று ஒரு பக்கம் முழுக்க, அரை மணி நேரம். முதலில் வெட்கப்பட்டு மறுத்தாள், பிறகு நிறுத்தவே இல்லை. நடுவில் கட்டுத்தறியிலிருந்து எருமை கத்துவதும் பதிந்திருக்கிறது.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காது இருக்கும், நினைவிருக்கிறதா? அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதையும் பதிய முடியாது. உடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், உடைக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் இன்னும் பதியலாம் என்று விட்டுவைத்தேன். வீட்டுப் பிள்ளைகளில் ஒருத்தன் லீவில் வந்தபோது ரேடியோவில் ஓடிய புதுப் பாட்டுகளை அதன் மேலேயே பதிந்துவிட்டான். பதினோரு நிமிஷம் மட்டும் தப்பியது. அம்மா 1991-ல் போய்விட்டாள். திட்டி என்ன செய்ய, குற்றம் அவனுடையது இல்லை.

சோனியின் வாக்மேன் 1979 ஜூலையில் ஜப்பானில் 33,000 யென்னுக்கு வந்தது. அதில் முதலில் இரண்டு ஹெட்போன் சொருக இடம் வைத்தார்கள். ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதையில்லை என்று பட்டதாம். நம் ஊரில் ஆபீசுக்குப் பஸ்ஸில் போன பையன்கள் மலிவான நகல்களை மாட்டிக்கொண்டார்கள். அதில் பெரும்பாலானவற்றில் பதிய முடியாது, ரேடியோவும் கிடையாது, இரண்டு கட்டையைச் சீக்கிரம் தின்றுவிடும். வீட்டுக்கு ஒரே பெட்டி வாங்கும் ஜனங்களுக்கு அது ஒத்துவரவில்லை. சி.டி.யும் கிட்டத்தட்ட அப்படித்தான். குலுங்கினால் குதிக்கும் பெட்டியைத் தோட்டத்துக்கு யார் எடுத்துப்போவார்கள்.

எம்.பி.3 வந்தபோது கதை மறுபடி மாறியது. ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையத்தார் பாட்டைச் சுருக்கும் வழியை உருவாக்கி, 1995-ல் அந்தப் பெயரை வைத்தார்கள். 2001 அக்டோபரில் ஆப்பிள் ஐபாட், ஆயிரம் பாட்டு சட்டைப் பையில் என்று, 399 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 19,000 ரூபாய். நம்மவர்கள் அதை வேடிக்கை பார்த்துவிட்டு, சீனாவிலிருந்து வந்த சின்ன எஃப்.எம். பெட்டியை வாங்கினார்கள். மெமரி கார்டு போடும் துளை அதில் உண்டு. ஒரு பாட்டு நாலைந்து எம்.பி. என்றால் 8 ஜி.பி. கார்டில் ஆயிரத்தைந்நூறுக்கு மேல் அடங்கும். செல்போன் கடையில் முப்பது, நாற்பது ரூபாய் கொடுத்தால் ஏற்றித் தருவார்கள். பழைய ரெக்கார்டிங் சென்டர்தான், லிஸ்ட் எழுதும் தாள் மட்டும் இல்லை. "பழைய பாட்டுங்களா, இளையராஜாங்களா, சாமி பாட்டுங்களா?" அவ்வளவுதான் கேள்வி.

2017-ல் சரிகம கம்பெனி 'கார்வான்' கொண்டுவந்தது. இது யாரென்றால், அதே டம்டம் இசைத்தட்டுக் கம்பெனிதான், 2000-ல் பெயர் மாற்றிக்கொண்டது. ஐயாயிரம் பாட்டை உள்ளேயே வைத்து, பழைய டிரான்சிஸ்டர் மாதிரி உருவம் கொடுத்து, திருகும் குமிழ் வைத்து, 5,990 ரூபாய்க்கு முதலில் இந்தியில் விற்றார்கள். பிறகு தமிழிலும் வந்தது. வயசானவர்களுக்கு என்ன வேண்டும் என்று புரிந்து செய்த பெட்டி, அதில் சந்தேகமில்லை. பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். அதே வருஷம் ஏப்ரலோடு லண்டன் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. உள்ளே இருப்பது அந்தக் கம்பெனியின் கையில் உள்ள பாட்டுகள் மட்டும். மற்றதை பென் டிரைவில் நாம்தான் போட வேண்டும்.

காந்திபுரத்தில் நான் கடைசியாக எடுத்தது அதுவல்ல. கருப்பு நிறப் பெட்டி, மீடியம் வேவும் எஃப்.எம்.மும் உண்டு, மெமரி கார்டு போடலாம். கரண்டிலும் ஓடும், பெரிய கட்டையிலும் ஓடும். முக்கியமாக, சத்தத்துக்கும் நிறுத்துவதற்கும் ஒரே திருகு. திருகினால் 'டக்' என்று விரலுக்குத் தெரியும். வேறு பெட்டிகளில் அரிசி அளவுப் பொத்தான் பத்து இருந்தது, அக்காவுக்கு எப்படித் தெரியும்? விலை ஆயிரத்துக்குச் சற்று மேல். கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு திருகிப் பார்த்தேன். பையன் சிரித்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்கினாலும் இப்படிப் பார்த்து வாங்குங்கள்.

அந்தப் பதினோரு நிமிஷக் கேசட்டையும் எடுத்துப் போயிருந்தேன். மெக்கானிக் ஒருவர், இன்னும் பழைய டெக்கை ஓட வைத்திருப்பவர், ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்து, நாடாவை இரண்டு தடவை முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தார். செல்போன் கடையில் அறுநூறு பழைய பாட்டும் சாமி பாட்டும் ஏற்றச் சொல்லி, அம்மா பாட்டை முதலாவதாக வைக்கச் சொன்னேன். திருகியதும் அது வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

அக்கா வாங்கித் தடவிப் பார்த்தாள். "இதுல கட்டை தளந்துபோனா வெயில்ல வெக்கோணுமா?" என்று கேட்டாள். திருகினாள். அம்மா பாடினாள். எருமையும் கத்தியது. அக்கா ஒன்றும் சொல்லாமல் முழுக்கக் கேட்டாள்.

ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. "தம்பி, தெனமும் திருகுன ஒடனே அம்மா வந்தா அன்னைக்கு ஒரு வேலையும் ஓடறதில்ல. அதை எங்காச்சும் நடுவுல போடச் சொல்லு. எப்ப வரும்னு தெரியாம வரோணும்."

கார்டை எடுத்துவந்து கடையில் கொடுத்தேன். இருநூத்திச் சொச்சமாவது பாட்டாகப் போட்டுத் தந்தான். முப்பது ரூபாய் வாங்கினான்.